பன்னிரண்டு முடிந்ததும் முழு டிக்கெட்

கிண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பு படிக்கும் 13 வயது மகள், ஆறாம் வகுப்பில் இருக்கும் 11 வயது மகன். சாதாரண மாநகரப் பேருந்தில் ஏறினால் இந்த நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்றரை டிக்கெட் போதும். அம்மாவுக்கும் மகளுக்கும் கட்டணம் கிடையாது. அப்பாவுக்கு ஒன்று, பையனுக்கு அரை. அதே குடும்பம் மின்சார ரயிலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் மூன்றரை டிக்கெட். மெட்ரோவில் போனால் நான்கு டிக்கெட், நான்கும் முழுசு.

அடுத்த ஆண்டு பையனுக்கு 12 முடிந்துவிடும். அன்றிலிருந்து பேருந்தில் இரண்டு டிக்கெட், ரயிலில் நான்கு. மெட்ரோவில் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அங்கே அவன் ஏற்கெனவே பெரியவன்.

ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே தூரம். ஆனால் யார் குழந்தை என்பதற்கு மூன்று நிர்வாகங்களும் ஒரே அளவுகோல் வைத்திருக்கவில்லை. நாட்டின் சட்டமோ இன்னொரு கணக்குச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் உள்ள இந்த ஆறு ஆண்டுகள்தான் பெற்றோரை அதிகம் குழப்புகின்றன. சம்பாதிக்காத பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. சலுகையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வயதைப் பார்த்து வருவதில்லை. பெண் என்பதற்காக ஒன்று, மாணவர் என்பதற்காக ஒன்று, பள்ளிச் சான்று கொடுத்தால் ஒன்று என்று வெவ்வேறு வழிகளில் கிடக்கிறது. கேட்டு வாங்கினால்தான் உண்டு.

முதலில் பேருந்து. தமிழக அரசுப் பேருந்துகளில் மூன்று வயது வரை இருந்த இலவசப் பயணம் 2022 மே மாதத்தில் ஐந்து வயது வரை என்று உயர்த்தப்பட்டது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். அதற்கு மேல் முழு டிக்கெட்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. விடியல் பயணம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில், அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றோ தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. 13 வயதுப் பெண்ணும் அதில் அடக்கம். விடுமுறைக்கு வந்திருக்கும் பெங்களூரு அக்கா மகளும் அடக்கம்.

சிக்கல் பேருந்தின் பலகையில் இருக்கிறது. ஒரே தட எண்ணில் சாதாரணப் பேருந்தும் வரும், எக்ஸ்பிரஸும் வரும், டீலக்ஸும் வரும். கட்டணமில்லாப் பயணம் வெள்ளைப் பலகை போட்ட சாதாரணப் பேருந்துக்கு மட்டும்தான். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்றுதான் 2022இல் சென்னையில் இந்தப் பேருந்துகளின் முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்பு வண்ணம் பூச ஆரம்பித்தார்கள். எண்ணை மட்டும் பார்த்து ஓடி ஏறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டீலக்ஸில் ஏறிவிட்டு “லேடீஸுக்கு ஃப்ரீதானே?” என்று ஒரு சிறுமி கேட்க, நடத்துநர் டிக்கெட் எடுக்கச் சொல்ல, கையில் காசில்லாமல் அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, இலவசம் என்றாலும் டிக்கெட் உண்டு. பூஜ்யம் கட்டணம் அச்சிட்ட அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். காசு கொடுக்காததற்கு எதற்குச் சீட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவு, உரிய பாஸோ டிக்கெட்டோ இல்லாமல் பயணம் செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பேருந்துக்குள் இருக்கும்போது மட்டுமல்ல, இறங்கிய பிறகும் பரிசோதகர் கேட்டால் உடனே காட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நிறுத்தத்தில் பரிசோதகர்கள் வரிசையாக நின்று இறங்குகிறவர்களிடம் டிக்கெட் கேட்பது இந்த அதிகாரத்தில்தான்.

அதே 178ஆம் பிரிவின் அடுத்த உட்பிரிவைப் பெரும்பாலான பயணிகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது நடத்துநரைப் பற்றியது. கட்டணத்தை நீட்டியும் வாங்க மறுத்தால், டிக்கெட் கொடுக்காமல் விட்டால், செல்லாத டிக்கெட்டோ குறைந்த தொகை டிக்கெட்டோ கொடுத்தால் அவருக்கும் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. கூட்டத்தில் நடத்துநர் பின்னால் மாட்டிக்கொண்டு கடைசிவரை வராமல் போனதற்கு ஒரு பள்ளிப் பிள்ளையைக் குற்றவாளிபோல நடத்தும் நேரத்தில், இந்த உட்பிரிவு தெரிந்திருப்பது தைரியம் தரும். ஆனால் நிறுத்தம் வருவதற்குள் “டிக்கெட் வாங்கலை, குடுங்கண்ணா” என்று குரல் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பேசாமல் இறங்கிவிட்டு, அவர்தான் வரவில்லை என்றால் எடுபடாது.

அரை டிக்கெட்டில் வரும் தகராறு வேறு மாதிரி. 11 வயதிலேயே ஐந்தரை அடி வளர்ந்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். “ஏம்மா, இவனுக்கா அரை டிக்கெட்? எத்தனை வயசு?” என்று நடத்துநர் எல்லோர் முன்னாலும் கேட்கும்போது அந்தப் பையன் கூசிப்போகிறான். வாக்குவாதம் வேண்டாம். பிறந்த தேதி அச்சிட்ட பள்ளி அடையாள அட்டை பையில் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. ஆதார் அட்டையின் நகல் இருந்தாலும் போதும். மறுபக்கம், 12 முடிந்த பிள்ளைக்கு “பதினொண்ணுன்னு சொல்லு” என்று சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகும் பழக்கமும் இருக்கிறது. மிச்சமாவது சில ரூபாய். மாட்டிக்கொண்டால் பொய் சொன்ன கூச்சம் பெரியவருக்கு இல்லை, பிள்ளைக்கு.

மாணவர் பாஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பதின்ம வயதுப் பையன்களுக்குப் பேருந்தில் இருக்கும் முக்கியமான சலுகை அதுதான். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு 12ஆம் வகுப்பு வரை இலவசப் பாஸ் தரப்படுகிறது. அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்து புதிய பாஸ் கைக்கு வர வாரக் கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பழைய பாஸையோ, பள்ளி அடையாள அட்டையையோ, சீருடையையோ பார்த்து மாணவர்களை ஏற்றிச்செல்ல வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் நடத்துநர்களுக்கு அறிவுறுத்துகிறது. இந்த அறிவுறுத்தல் நாளிதழ்களிலும் வருகிறது. அப்படியும் ஜூன் மாதத்தில் சில இடங்களில் பிள்ளைகள் இறக்கிவிடப்படுகிறார்கள். காலை எட்டரை மணிக்கு, தேர்வுக்குப் போகிற பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிடுவது சில ரூபாய்க் கட்டணப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. பெற்றோர் அதைச் சும்மா விடக்கூடாது. பேருந்தின் பதிவு எண், தட எண், நேரம், இறக்கிவிட்ட நிறுத்தம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளப் பிள்ளைக்குப் பழக்கினால் புகாருக்கு அது போதும்.

பாஸ் கையில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குக் கூட்டிப்போனால் அது செல்லாது. வீட்டிலிருந்து பள்ளிக்கு என்று அதில் குறித்த தடத்துக்குத்தான் அது. குடும்பத்தோடு வெளியே போகும்போது பையனுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்போது பணம் யார் கட்டியது என்பதைவிடப் பெரிய கேள்விக்கு வரலாம். டிக்கெட் யார் கையில் இருக்கிறது?

சிறு குழந்தை இடுப்பிலேயே இருக்கும். பதின்ம வயதுப் பிள்ளை அப்பா அம்மாவோடு ஒரே இருக்கையில் உட்கார வராது. சென்னைப் பேருந்தில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம் என்பதே வழக்கம். அப்பா பின்னால் நின்று எல்லோருக்கும் டிக்கெட் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். மகள் முன்வாசலில் இறங்குகிறாள். பரிசோதகர் அவளைக் கேட்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா இறங்கி வருவதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டால் அந்த இரண்டு நிமிடம் அவளுக்குப் பெரும் அவதி. ஆளுக்கொரு சீட்டாகக் கேட்டு வாங்கி, அவரவர் டிக்கெட்டை அவரவர் கையில் கொடுத்துவிடுவதே நல்லது. நடத்துநர் கையில் இருக்கும் இயந்திரத்துக்கு அது ஒரு பொத்தான் கூடுதல்.

மின்சார ரயிலில் இதே பிரச்சினை இன்னும் கூர்மையாக இருக்கிறது. அதற்கு முன்பிருந்த யூ.டி.எஸ். செயலியைப் போலவே, 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம். வசதிதான். அப்பா தன் போனில் நாலு பேருக்கும் எடுக்கிறார். தாம்பரத்தில் கூட்டம். அம்மாவும் மகளும் மகளிர் பெட்டியில் ஏறுகிறார்கள். அப்பாவும் பையனும் பொதுப் பெட்டியில். குரோம்பேட்டையில் மகளிர் பெட்டிக்குள் டிக்கெட் பரிசோதகர் வருகிறார். அம்மாவின் கையில் எதுவும் இல்லை. அப்பா வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். அது செல்லாது, செயலிக்குள் இருக்கும் டிக்கெட்டைத்தான் காட்ட வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியாமல் போனாலும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகவே கணக்கு. ஆகவே யார் எந்தப் பெட்டியில் உட்காரப் போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். பிள்ளை தன் நண்பர்களோடு வேறு பெட்டியில் போவதானால் அவனுக்குக் கவுன்ட்டரில் ஒரு காகித டிக்கெட். ஐந்து நிமிடம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

மகளிர் பெட்டி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. அம்மாவோடு சிறு பையன்கள் அதில் போகலாம். பதின்ம வயது மகனை அந்தப் பெட்டியில் ஏற்றக்கூடாது. ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி அதற்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, இறக்கியும் விடலாம். “என் பையன்தானே சார், கூட நான் இருக்கேனே” என்ற பதிலை அந்தப் பிரிவு ஏற்பதில்லை. முதல் வகுப்புப் பெட்டியிலும் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை மின்சார ரயில்களில் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கூட்டம் குறைந்த பெட்டி என்று நினைத்து ஓடி ஏறுவார்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு அங்கே இருந்தால் கட்டண வித்தியாசத்தோடு கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் அந்தக் கூடுதல் தொகை குறைந்தபட்சம் 250 ரூபாய். ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்குப் போகிற தூரத்துக்கும் அதே 250தான்.

ரயிலில் குழந்தைக் கட்டணம் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். ஐந்துக்குக் கீழே இலவசம். புறநகர் ரயில் கட்டணம் ஐந்தின் மடங்குகளில் இருப்பதால் குறைந்த தூரத்தில் அந்த அரை டிக்கெட்டின் லாபம் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் ரயில்வேயில் பதின்ம வயதினருக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட், மாணவர்களுக்கு 12ஆம் வகுப்பு வரையிலும் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் இலவசம். பள்ளித் தலைமை ஆசிரியரின் அல்லது கல்லூரி முதல்வரின் சான்றோடு நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆவடி, பெரம்பூர், வேளச்சேரி, கூடுவாஞ்சேரி என்று ரயில் பாதையை ஒட்டியே வாழும் எத்தனையோ குடும்பங்கள் மாதா மாதம் காசு கொடுத்து சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இப்படி ஒரு வசதி இருப்பதை எந்த அறிவிப்புப் பலகையும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பள்ளிகள் ஜூன் மாதத்திலேயே இதைப் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பிள்ளைக்கும் உரிமை உண்டு. கூடுதல் கட்டணத்தைக் கட்டாத பயணியை ரயிலிலிருந்து இறக்கிவிடும் அதிகாரத்தை ரயில்வே சட்டத்தின் 139ஆம் பிரிவு தருகிறது. அதே பிரிவு ஒரு கட்டுப்பாட்டையும் வைக்கிறது. உடன் ஆண் பயணி இல்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர்கள் ஏறிய நிலையம், சந்திப்பு, கடைசி நிலையம், மாவட்டத் தலைநகரின் நிலையம் ஆகியவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகல் நேரத்தில் மட்டுமே. மாலை ஏழு மணிக்கு டியூஷன் முடித்து வரும் 15 வயதுப் பெண்ணை, சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டாள் என்பதற்காக ஆளரவமில்லாத ஒரு நிலையத்தில் இறக்கிவிட முடியாது. இதைப் பெண்ணுக்கும் சொல்லிவைக்க வேண்டும். எந்த அபராதம் கட்டினாலும் ரசீது வாங்கச் சொல்ல வேண்டும். ரசீது இல்லாமல் கேட்கப்படும் பணம் அபராதம் ஆகாது.

மெட்ரோவுக்கு வந்தால் கதை சுருக்கம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியதிலிருந்து அங்கே வயதுக்குப் பதிலாக உயரம். 90 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு, பெரியவர் உடன் வந்தால், கட்டணம் இல்லை. மற்ற எல்லோருக்கும் முழுக் கட்டணம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால், சராசரி வளர்ச்சியுள்ள குழந்தை மூன்று வயதுக்கு முன்பே 90 செ.மீ. தாண்டிவிடும். அப்படியானால் யு.கே.ஜி. குழந்தைக்கும் அதன் தாத்தாவுக்கும் ஒரே டிக்கெட். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வயதை ஒட்டிய கட்டணம் ஒன்று இல்லாதது பொதுப் போக்குவரத்துக்குப் பொருந்தாத குறை. இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம், நான்கு மெட்ரோ டிக்கெட்டையும் ஆட்டோ கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆட்டோவிலோ, நான்கு பேரும் ஒரே பைக்கிலோ கிளம்பிவிடுகிறது.

மற்ற ஊர்களும் இதை ஒவ்வொரு மாதிரி கையாள்கின்றன. லண்டனில் வசிக்கும் 11 முதல் 15 வயது வரையிலானவர்கள் புகைப்பட அட்டை வாங்கிக்கொண்டால் பேருந்தும் டிராமும் இலவசம், சுரங்க ரயிலில் பாதிக் கட்டணம். நியூயார்க் சென்னை மெட்ரோவைப் போல உயரத்தைத்தான் பார்க்கிறது, 44 அங்குலம். ஆனால் அங்கே தகுதியுள்ள பள்ளி மாணவர்களுக்கு நாளுக்கு நான்கு பயணம் இலவசமாகத் தரும் அட்டை ஒன்று இருக்கிறது. 2024 கல்வியாண்டிலிருந்து அதை வாரத்தின் ஏழு நாளும் பயன்படுத்தலாம். பதின்ம வயதைத் தனிப் பிரிவாகப் பார்க்க முடியும் என்பதற்கு இவை சான்று.

சென்னை மெட்ரோவில் இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி தள்ளுபடிதான். 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டபோது, அட்டையிலோ கியூஆர் குறியீட்டிலோ பயணம் செய்தால் 20 சதவீதத் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. நான்கு முழு டிக்கெட் எடுக்கும் குடும்பத்துக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு சிறிய தொகை இல்லை.

காசு, சில்லறை என்று இருந்த காலம் மாறி, போனும் அட்டையும் வந்த பிறகு புதிய சிக்கல்களும் வந்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் மெட்ரோவில் அறிமுகமாகி, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்த சிங்காரச் சென்னை அட்டையைப் பிள்ளை கையில் கொடுப்பது நல்ல யோசனை. பெரிய ஆவணச் சரிபார்ப்பு இல்லாமல் வாங்கலாம், எவ்வளவு போட வேண்டும் என்பது பெற்றோர் கையில். ஆனால் வாயிலில் தட்டியதும் பணம் எடுக்கப்படுவது அட்டையின் சிப்புக்குள் இருக்கும் இருப்பிலிருந்து. அங்கே ரகசிய எண் கேட்பதில்லை. அட்டை தொலைந்தால் அதைக் கண்டெடுத்தவர் செலவு செய்துவிடலாம். பர்ஸோடு போன ரொக்கத்துக்குச் சமம். எனவே நூறு, இருநூறு என்று சிறுகச் சிறுகப் போடுவதே சரி. மெட்ரோ வாயிலில் ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்பா தட்டி உள்ளே போய்விட்டு அதே அட்டையைப் பின்னால் நிற்கும் மகளிடம் நீட்டினால், இயந்திரம் அதை ஏற்கெனவே உள்ளே இருக்கும் அட்டையாகத்தான் பார்க்கும்.

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் குறியீட்டில் டிக்கெட் தருகிறது. மூன்று நிர்வாகத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது பெரிய காரியம். மூன்றின் குழந்தை வரம்புகளையும் ஒன்றாக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

பிள்ளை தனியாகப் போகும் நாளில் யார் பணம் கட்டுவது? ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, 10 வயது முடிந்தவர்கள் வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம். 2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில், பெற்றோர் தம் கணக்கிலிருந்தே பிள்ளையின் போன் வழியாகப் பணம் செலுத்த அனுமதிக்கலாம். மாதம் 15,000 ரூபாய்க்குள், ஒரு முறைக்கு 5,000 ரூபாய்க்குள் வரம்பு வைக்கலாம். அல்லது ஒவ்வொரு முறையும் பெற்றோர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும்படி வைக்கலாம். பேருந்துக்கு இந்த இரண்டாவது முறை ஒத்துவராது. நடத்துநர் நின்றுகொண்டிருக்க, அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் அப்பா ஒப்புதல் தருவதற்குள் நிறுத்தமே வந்துவிடும். சிறிய வரம்போடு முழு அனுமதி கொடுப்பதுதான் நடைமுறைக்குச் சரி. கூடவே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளும், அப்பா அம்மா எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் பையில் இருக்கட்டும். போன் அணைந்துவிட்டால் எண் மனப்பாடமாக இல்லாத பிள்ளைகள்தான் இன்று அதிகம்.

யுபிஐயில் அடிக்கடி நடப்பது இது. நடத்துநரின் இயந்திரத்தில் வந்த கியூஆரை ஸ்கேன் செய்கிறார்கள். கணக்கில் பணம் கழிந்துவிட்டது. இயந்திரமோ டிக்கெட் கொடுக்கவில்லை. “எனக்கு வரலை, கேஷா குடுங்க” என்கிறார் நடத்துநர். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் இயந்திரத்தில் உண்மையிலேயே வந்திருக்காது. ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, போனில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வியாபாரிக்குச் சேராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி வரவு வைக்க வேண்டும் என்பதும் விதி. பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள், பத்து ரூபாய் தாமதமானாலும் இழப்பீடு 100 ரூபாய்தான் என்பதை அறிய வேண்டும். வங்கி 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்; விவரம் கேட்க 14448. போன் திருடுபோய் யாரோ பணம் எடுத்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பயணியின் தவறு எதுவும் இல்லாமல், மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017லிருந்தே ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

ரொக்கத்திலும் இழப்பு உண்டு. பிள்ளை நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறது. சில்லறை இல்லை என்று நடத்துநர் மீதித் தொகையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை மறந்து இறங்கிவிடுகிறது. இந்த நேரத்தில் டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு அந்தப் பேருந்தின் பணிமனைக்குப் போய்க் கேட்கலாம். டிக்கெட்டில் இருக்கும் தடமும் நேரமுமே எந்த நடத்துநர் என்பதைக் காட்டிவிடும்.

புகார் சொல்ல வேண்டிய இடங்கள் தனித்தனி. மாநகரப் பேருந்துக்கு 149. ரயிலுக்கு 139. மெட்ரோவுக்கு 1860 425 1515. பயணத்தில் பிள்ளை வழிதவறினாலோ, யாராவது மிரட்டினாலோ, நடுவழியில் தனியாக நின்றாலோ 1098. இந்தக் கடைசி எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம், பெரியவர் தேவையில்லை. பணம் கொடுத்து வாங்கிய சேவையில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே தாக்கல் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பயணச் சீட்டு, அபராத ரசீது, நடந்ததைத் தேதி நேரத்தோடு எழுதிய ஒரு பக்கம், முதலில் அந்த நிர்வாகத்துக்கு அனுப்பிய புகாரின் நகல் ஆகியவை அங்கே கையில் இருக்க வேண்டும்.